பினாங்குத் தீவின் ஊராட்சித் தேர்தல்களும் நம் தோட்டங்களும்

ஊராட்சித் தேர்தல் என்றதும் தமிழாசிரியர்களாகிய நமக்கு முதலில் நினைவில் எழுவது உத்திரமேரூர்க் கல்வெட்டாகும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பெற்ற அச்சாசனங்கள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தனர். தகுதி உடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். சூதறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுப்பித்தனர். இதனை வகுப்பிலே சொல்லும்போது ஆசிரியர் குரலில் ஒரு பெருமிதம் ஏறுவது இயல்பே.

ஆயினும் அக்கல்வெட்டை முழுவதும் கற்பார் இரண்டு செய்திகளைக் காண்பர். நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்ட அந்தணர் ஊரின் ஆடவர்க்கே குடத்தில் ஓலை இடப்பட்டது. உழுதவருக்கும் பெண்டிருக்கும் அங்கே இடமில்லை. இது முதற்செய்தி. பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரும், அவருடைய நெருங்கிய சுற்றத்தார் பெயரும் மறுமுறை குடத்தில் விழக்கூடாது என்பது இரண்டாவது. முன்னது அக்காலத்தின் குறை. பின்னதோ எக்காலத்துக்கும் ஏற்ற நீதி.

ஆகவே, ஓர் ஊராட்சியை ஆராயப் புகுவார் இரண்டு கேள்விகளைக் கேட்டல் வேண்டும். அதனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு உண்டு? அது யாருக்குக் கணக்குக் காட்டுகிறது? இவ்விரண்டு கேள்விகளையும் கையிற் கொண்டு, நமக்கு மிக அண்மையில் உள்ள பினாங்குத் தீவின் வரலாற்றைப் பார்ப்போம். காஞ்சிப் பகுதியின் பழங்காலத்தைப் போற்றும் நாம், கடலுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியும் இத்தீவில் நேற்று நடந்ததை அறியாமல் இருத்தல் தகாது.

கெடாவின் தீவு

பினாங்கு கெடா சுல்தானுக்கு உரியதாக இருந்த தீவு. 1786 ஆகஸ்டு 11-ஆம் நாள் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் பிரான்சிஸ் லைட் அங்கே கொடியேற்றினார். சுல்தான் அப்துல்லா எதிர்பார்த்த படைத்துணையைக் கம்பெனியார் அளிக்கவில்லை; தீவு மட்டும் அவர்கள் கையிற் போயிற்று. 1800-இல் எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறையும் அதனோடு சேர்ந்தது.

அன்று முதல் ஒரே நிலத்தின் இரு கூறுகள் இரு வேறு சட்டங்களின் கீழ் வாழத் தொடங்கின. தீவு கல்கத்தாவின் ஆணைக்கு உட்பட்டது. 1867 வரை அந்நிலை நீடித்தது. கெடாவோ சயாம் நாட்டின் மேலாதிக்கத்தில் இருந்து, 1909-இல்தான் பிரிட்டிஷாரின் பாதுகாப்புக்கு வந்தது. இதனை ஏன் இங்கே கூறுகின்றோம் எனில், ஊராட்சி உரிமை கடலைத் தாண்டிக் கெடாவுக்கு வராமல் நின்றமைக்கு இந்தப் பிரிவும் ஒரு காரணம்.

கல்கத்தாவில் 1856-இல் இயற்றப்பெற்ற சட்டத்தின்படி ஜார்ஜ் டவுனில் நகராண்மைக் கழகம் ஒன்று அமைந்தது. அதன் ஐந்து அங்கத்தினருள் மூவரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கலாம் என்று ஏற்பாடாயிற்று. 1857-இல் முதல் தேர்தல் நடந்தது. இந்தியாவில் சிப்பாய்க் கலகம் மூண்ட ஆண்டு அது. அக்கலகம் பாட நூலில் இருக்கிறது. அதே ஆண்டில் நம் பக்கத்துத் தீவில் நடந்த இத்தேர்தல் பலருக்கும் தெரியாது.

அஃது ஏழைகளின் தேர்தல் அன்று. சொத்தும் வரியும் உடைய சிலரே வாக்காளர். தெரு பெருக்கியவரும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் அத்தேர்தலை எட்ட நின்றே கண்டனர். அந்தச் சிற்றுரிமையும் நிலைக்கவில்லை. 1913-இல் வந்த நகராண்மைச் சட்டம் தேர்தலை அகற்றியது. அங்கத்தினர் அனைவரையும் ஆளுநரே நியமிக்கும் முறை வந்தது. அடுத்த 38 ஆண்டுகள் தீவில் வாக்குப் பெட்டி கிடையாது. பினாங்கு தன் ஊராட்சித் தேர்தலை இழந்தது ஒருமுறை அன்று, இருமுறை என்பதை வாசகர் நினைவிற் கொள்ளுதல் நலம்.

மீண்டும் வந்த வாக்குப் பெட்டி

இரண்டாம் உலகப் போர் முடிந்தது, ஜப்பானியர் போயினர், மலாயாக் கூட்டரசு 1948-இல் அமைந்தது. நாட்டிற்குத் தன்னாட்சி தருவதற்கு முன் ஊர்களில் மக்களைப் பழக்குவது என்று பிரிட்டிஷார் முடிவு செய்தனர். ஊராட்சித் தேர்தல் சட்டம் 1950-இல் பிறந்தது. அதன்படி கூட்டரசில் முதன்முதலாக நகராண்மைத் தேர்தல் நடந்த இடம் ஜார்ஜ் டவுனே. நாள் 1951 டிசம்பர் முதல் தேதி. மன்றத்தின் 15 இடங்களுள் 9 இடங்களுக்குத் தேர்தல் நடைபெற்றது. அவற்றுள் ஆறு ராடிக்கல் கட்சிக்குக் கிடைத்தன. கோலாலம்பூர்த் தேர்தல் 1952 பிப்ரவரியில் நடந்தது. அங்கே அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் சேர்ந்து நின்று வென்றன. பிற்காலத்தில் நாட்டை ஆண்ட கூட்டணி கருக்கொண்டது அந்த நகராண்மைத் தேர்தலில்தான்.

இதனால் ஓர் உண்மை புலனாகும். 1955-இல் முதற் பொதுத்தேர்தல் வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, மலாயா மக்கள் ஊர் மன்றத்துக்கு வாக்களித்துப் பழகினர். நாடாளுமன்றம் பிறகு வந்தது. சாக்கடையும் தெருவிளக்கும் பற்றிய தேர்தல் முன்னே வந்தது. அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி போன்ற கெடா நகரங்களும் அந்தப் பத்தாண்டில் நகர மன்றத் தேர்தல்களைக் கண்டன.

1957 ஜனவரி முதல் நாள், எலிசபெத் அரசியாரின் சாசனத்தால் ஜார்ஜ் டவுன் மாநகரமாயிற்று. மலாயாக் கூட்டரசில் மாநகரத் தகுதி பெற்ற முதல் ஊர் அதுவே. அப்போது மன்றத்தின் 15 அங்கத்தினரும் தேர்தல் வழியே வந்தவர்கள். அவர்கள் தம்முள் ஒருவரை மேயராகத் தேர்ந்துகொள்வர். மின்சாரம், குடிநீர், பேருந்து ஆகியவற்றையெல்லாம் அம்மன்றமே நடத்தியது. 1962-இல் திறக்கப்பெற்ற ஆயர் ஈத்தாம் நீர்த்தேக்கம் அம்மன்றத்தின் காலத்துப் பணியேயாகும்.

ஓர் ஆசிரியர் மேயரானார்

1958-இல் ஜார்ஜ் டவுன் மாநகர மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் டி. எஸ். இராமநாதன். தொழிற் கட்சியைச் சேர்ந்தவர்; ஆசிரியத் தொழிலிலிருந்து பொதுவாழ்வுக்கு வந்தவர். 1961 வரை அப்பதவியில் இருந்தார். அவர் பெயரைத் தாங்கிய சாலை ஒன்று இன்றும் அந்நகரில் உண்டு. அவ்வழியே நாள்தோறும் போவோரில் எத்தனை பேருக்கு அப்பெயருக்கு உரியவர் யார் என்பது தெரியும்?

ஜார்ஜ் டவுன் சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரம். அங்கே தமிழர் தொகை சிறிது. அத்தகைய நகரில், இனத்தின் எண்ணிக்கை பார்த்து வாக்கு விழுமாயின், ஒரு தமிழர் தலைமைப் பதவிக்கு வந்திருக்க முடியாது. வாடகை, தண்ணீர், கூலி, பேருந்துக் கட்டணம் ஆகிய அன்றாடச் செய்திகளைப் பேசிய ஒரு கட்சியின் சார்பில் அவர் நின்றார். அந்தச் செய்திகள் எல்லா இனத்து ஏழைக்கும் பொதுவானவை. எனவே எல்லா இனத்தாரும் வாக்களித்தனர். ஒருவர் பெற்ற வெற்றியை வைத்துப் பொதுவிதி வகுத்தல் கூடாதுதான். ஆனால் ‘நம்மவர் தேர்தலில் வெல்லவே முடியாது’ என்று கூறுவார்க்கு இந்த ஒரு சான்று போதிய விடையாகும்.

வேலிக்குள் மன்றம், வேலிக்குள் லயம்

நகரத்தார் கதை இவ்வாறாக, நாட்டுப்புறத்தின் நிலையையும் காண்போம். 1948-இல் அவசரகாலம் பிறந்தது. காட்டோரத்தில் குடியிருந்த சீனக் குடியானவர்களைப் பிரிக்ஸ் திட்டத்தின்படி புதுக் கிராமங்களில் குடியேற்றினர். நானூற்றுக்கும் மேற்பட்ட அக்கிராமங்களில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டனர். அது கொடுமையான வாழ்வே. ஆயினும் 1952-இல் வந்த உள்ளூர் மன்றச் சட்டத்தின்படி அவ்வேலிகளுக்குள் மன்றங்கள் தோன்றின. கிராமத்தார் வாக்களித்துத் தம் மன்றத்தாரைத் தேர்ந்தெடுத்தனர். மன்றத்தார் சிறு வரி விதித்துப் பாதையும் கிணறும் அமைத்தனர்.

அதே காலத்தில் தோட்டங்களிலும் முள்வேலி எழுந்தது. சிதறியிருந்த லயங்கள் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டன, ஊரடங்கு வந்தது, அரிசிக்கு அளவு வந்தது. வேலி ஒன்றே, மன்றம் மட்டும் வரவில்லை. காரணம் எளிது. புதுக் கிராமம் சர்க்கார் நிலம். தோட்டமோ கம்பெனியின் சொத்து. கம்பெனியின் சொத்துக்குள் குடியிருப்பவர், சட்டத்தின் கண்ணில், ஊரார் அல்லர், வேலையாட்கள். வீடும் தண்ணீரும் பள்ளிக்கூடமும் பிள்ளைக் கொட்டகையும் துரையின் பொறுப்பு. தண்ணீர்க் குழாய் உடைந்தால் கிராணியிடம் சொல்ல வேண்டும். கிராணி துரையிடம் சொல்வார். துரை நினைத்தால் நடக்கும். இதில் வாக்கு என்பதற்கு இடம் எங்கே?

நம்மவர்க்கு ஊராட்சி உணர்வு இல்லாதிருந்தது என்று இதனால் கருதிவிடலாகாது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படையை நினைத்துப் பாருங்கள். ஏ. எம். சாமியின் தலைமையில் அப்படையினர் கள்ளுக்கடையை எதிர்த்தனர். குடித்துவிட்டு அடித்துக்கொள்வோரைத் தடுத்தனர். 1947-இல் பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தில் தொடங்கிய வேலைநிறுத்தமும் அதன் அடக்குமுறையும் மலாயாத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்றவை. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. அதன் கிளைத் தேர்தல், கோயில் கமிட்டி, பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆகியவையே நம் மக்கள் கைதூக்கி ஆளைத் தேர்ந்து பழகிய களங்கள். திருவிழாக் கணக்கைப் படிக்கச் சொல்லி இரவு பன்னிரண்டு மணி வரை கூட்டத்தை விடாத தோட்டத்துப் பெரியவர்களைக் கண்டவர்கள், கணக்குக் கேட்கும் பண்பு நம் மக்களுக்கு உண்டா என்று ஐயுறமாட்டார்கள். பண்பு இருந்தது, அதற்கேற்ற மன்றம் கொடுக்கப்படவில்லை.

தற்காலிகத் தடை

இனி, தீவு தன் தேர்தலை இரண்டாம் முறை இழந்த வரலாற்றுக்கு வருவோம். 1963-இல் மலேசியா உருவானது. இந்தோனேசியா அதனை எதிர்த்துக் கொன்ஃப்ரன்டாசி என்னும் பகைமைப் போரைத் தொடுத்தது. அதனைக் காரணங்காட்டி, 1965 மார்ச்சு முதல் நாள் நாடெங்கும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அமைதி திரும்பியவுடன் தேர்தல் நடக்கும் என்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார்.

அமைதி திரும்பியது. 1966 ஆகஸ்டு 11-இல் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. தேர்தல் திரும்பவில்லை.

ஜார்ஜ் டவுனில் நிலை இன்னும் சிக்கலாயிற்று. மாநகர மன்றம் எதிர்க்கட்சியான சோஷலிஸ்ட் முன்னணியின் கையில் இருந்தது. மாநில அரசாங்கமோ கூட்டணியின் கையில். மன்ற நிர்வாகத்தில் சீர்கேடுகள் நிகழ்ந்தன என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன. 1966-இல் மன்றத்தின் பணிகளை மாநில முதலமைச்சர் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சீர்கேடு இருந்திருக்கலாம், இருந்தால் அதனை ஆராய்ந்து தண்டிப்பது நியாயமே. ஆனால் உத்திரமேரூரார் கணக்குக் காட்டாத ஆளைத்தான் விலக்கினர், குடத்தை உடைக்கவில்லை. இங்கே குடமே போயிற்று. தவறு செய்த அங்கத்தினரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பும் வழி வாக்காளர்க்கு இல்லாமற் போயிற்று.

நாகப்பன் ஆணையம்

தேர்தல்கள் நிறுத்தப்பட்ட 1965-ஆம் ஆண்டிலேயே ஊராட்சி மன்றங்களைப் பற்றி ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். வழக்கறிஞர், மலேசிய இந்தியர் காங்கிரசின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். அப்போது தீபகற்பத்தில் மாநகர மன்றம், நகராண்மைக் கழகம், நகர மன்றம், நகர வாரியம், கிராம வட்டார மன்றம், உள்ளூர் மன்றம் என்று 370-க்கும் மேற்பட்ட அமைப்புகள் இருந்தன. சிலவற்றில் பணமில்லை, சிலவற்றில் எழுத்தறிந்த அலுவலர் இல்லை, சிலவற்றில் கட்சிச் சண்டையே பணியாயிற்று. இவையனைத்தையும் ஆணையம் ஊர் ஊராக ஆராய்ந்தது. அறிக்கை 1968 இறுதியில் அரசாங்கத்திடம் கொடுக்கப்பட்டு, 1971-இல் வெளியாயிற்று.

குறைகளையெல்லாம் மறைக்காமல் எடுத்துரைத்த அவ்வறிக்கை, இறுதியில் எந்த முடிவுக்கு வந்தது? சிறு மன்றங்களை ஒன்றாக்கி வலுப்படுத்துக. ஆனால் அவை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டனவாகவே இருத்தல் வேண்டும் என்பதே அதன் முடிவு. ஆளுங்கட்சிக் கூட்டணியைச் சேர்ந்த ஒருவர் தலைமையில், அரசாங்கமே அமைத்த ஆணையம் கூறிய கருத்து இது என்பது கருதத் தக்கது.

இடையில் 1969 மே 13-இன் கலவரம் நாட்டை உலுக்கிற்று. அரசாங்கத்தின் எண்ணம் மாறியது. ஊர்தோறும் தேர்தல் வைத்தால் இனப்பூசல் வளரும் என்றும், நாடாளுமன்றம், சட்டமன்றம் ஆகியவற்றுக்குத் தேர்தல் இருக்க மூன்றாவது ஒன்று மிகை என்றும், வளர்ச்சிப் பணிக்குக் கட்டுப்பாடான நிர்வாகமே ஏற்றது என்றும் கூறப்பட்டது. 1973-இல் இடைக்காலச் சட்டமும், 1976-இல் ஊராட்சிச் சட்டமும் வந்தன. சிறு மன்றங்களை ஒன்றாக்குக என்ற நாகப்பன் ஆணையத்தின் பாதி யோசனை ஏற்கப்பட்டது. மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற மறுபாதி விடப்பட்டது. அச்சட்டத்தின்படி 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் அங்கத்தினரை மாநில அரசாங்கமே நியமிக்கும். தேர்தல் பற்றிய பழைய விதிகள் செல்லாவாயின. ஆதி நாகப்பன் மறைந்ததும் அதே 1976-இல் ஆகும்.

பின்னர் முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. பினாங்கு மாநிலச் சட்டமன்றம் 2012-இல் ஊராட்சித் தேர்தலுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. மாநிலத்துக்கு அவ்வதிகாரம் இல்லையென்று 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018-இல் ஆட்சி மாறியபோது மீண்டும் பேச்செழுந்தது. இனப்பூசலுக்கு இடமாகும் என்று அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் அதனை ஏற்கவில்லை. 2015-இல் தீவு முழுவதும் ஒரே மாநகர மன்றத்தின் கீழ் வந்தது. 2023-இல் இராஜேந்திரன் அம்மாநகர மேயராக நியமிக்கப்பட்டபோது, இராமநாதனுக்குப் பின் மீண்டும் ஓர் இந்தியர் என்று நாம் மகிழ்ந்தோம். மகிழத் தக்கதே. ஆனால் முன்னவரை மேயராக்கிய மன்றத்தை வாக்காளர் அமைத்தனர். பின்னவரை அரசாங்கம் நியமித்தது. தகுதியில் அன்று, வந்த வழியில் உள்ள இந்த வேற்றுமையை மாணவர்க்கு விளக்குதல் ஆசிரியர் கடன்.

நெடுந்தீவு காட்டும் ஒப்புமை

நிறுத்திவைத்த தேர்தல் திரும்பி வருமா என்று கேட்பார்க்கு வேறொரு தமிழ்த் தீவைக் காட்டலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே, பாக்கு நீரிணையில் தனித்துக் கிடப்பது நெடுந்தீவு. குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறித்தான் போக வேண்டும். காற்று மிகுந்தால் படகு இல்லை. பவளக்கல் மதில்களும், மேய்ந்து திரியும் குதிரைகளும், உப்பேறிய கிணறுகளும் கொண்ட அத்தீவில் சில ஆயிரம் மக்களே வாழ்கின்றனர். ஆயினும் அத்தீவுக்கெனத் தனிப் பிரதேச சபை உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்தது. போர்க்காலத்தில் வடபகுதியின் உள்ளூராட்சித் தேர்தல்கள் பல்லாண்டு நடைபெறாமற் கிடந்தன. போர் முடிந்தபின் 2011-இல் தேர்தல் நடந்தது, 2018-இலும் நடந்தது.

அடுத்த தேர்தல் 2023 மார்ச்சு 9-இல் இலங்கை முழுவதும் நடைபெற வேண்டும். பொருளாதாரச் சரிவினால் பணமில்லை என்று அரசாங்கம் அதனைத் தள்ளிப்போட்டது. குடிமக்கள் வழக்குத் தொடுத்தனர். தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறியதாகும் என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்புரைத்தது. 2025 மே 6-ஆம் நாள் தேர்தல் நடந்தேறியது. நெடுந்தீவு மக்களும் வாக்களித்தனர்.

இரு நாட்டின் சட்டங்களும் வேறு, சூழலும் வேறு. உள்ளூராட்சித் தேர்தல் இருப்பதனாலேயே நெடுந்தீவின் குடிநீர்த் துன்பம் தீர்ந்துவிட்டது என்று சொல்வாரும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஒரு தேர்தல் பகைமைப் போரின் காரணமாக நிறுத்தப்பட்டது. மற்றொன்று பணமின்மையின் காரணமாக நிறுத்தப்பட்டது. நெடுந்தீவாருக்குத் தம் உரிமையைக் கேட்டு நிற்க ஒரு வழி இருந்தது. இரண்டாண்டில் வாக்குப் பெட்டி படகேறித் தீவுக்கு வந்தது. பினாங்குக்கோ, காரணம் தீர்ந்து அறுபது ஆண்டுகள் ஆகும் நிலையிலும் அது வந்து சேரவில்லை.

நம்மவரின் அச்சம்

நம் மக்களுள் சிந்திக்கும் சிலர் ஓர் அச்சத்தை வெளியிடுகின்றனர். ‘நாம் சிறுபான்மையினர், நியமன முறையில் கட்சிப் பங்கீட்டினால் மன்றந்தோறும் ஓரிரு இந்தியர் இடம்பெறுகின்றனர், தேர்தல் வந்தால் அதுவும் போய்விடும்’ என்பது அவர்கள் கூற்று. இது புறந்தள்ளத் தக்கது அன்று. மக்கள் தொகையில் எங்கும் சிதறிக் கிடக்கும் ஓரினத்துக்கு இந்த ஐயம் எழுவது இயற்கை.

ஆனால் இதற்கும் வரலாறு விடை கூறுகிறது. நியமனம் பெற்றவர் தம்மை நியமித்தவரையே நோக்குவார். ஆட்சி மாறினால் அவரும் மாறுவார். அவரிடம் போய்க் கணக்குக் கேட்கும் உரிமை லயத்துப் பாட்டிக்கு இல்லை. தேர்தலில் நிற்பவரோ, தாம் எந்த இனத்தவராயினும், அந்தப் பாட்டியின் வாசலுக்கு ஒருமுறையேனும் வந்தாக வேண்டும். நம்மில் ஒருவர் மன்றத்தில் அமர்வது ஒரு நன்மை; மன்றத்தில் அமர்பவர் எல்லாரும் நம் வாசலுக்கு வரவேண்டியிருப்பது மற்றொரு நன்மை. முதல் நன்மையை எண்ணி இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

இன்று இது முன்னிலும் முக்கியமாகிவிட்டது. கெடாவிலும் செபராங் பிறையிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் லயத்தை விட்டுப் பட்டணத்து ஓரத்துக்கு வந்தன. அங்கே துரையும் இல்லை, கிராணியும் இல்லை. குப்பை அள்ளுவதும், சாக்கடை வெட்டுவதும், சாலையோரக் கடைக்கு உரிமம் தருவதும், கோயிற் கட்டடத்துக்கு அனுமதி தருவதும் மறுப்பதும் ஊராட்சி மன்றத்தின் வேலை. வீட்டுக்காரர் மதிப்பீட்டு வரியையும் செலுத்துகிறார். இன்னும் தோட்டத்திலேயே இருப்போரின் வீட்டுக்கும் வசதிக்கும் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளியே பொறுப்பு. எனவே தோட்டத்தில் இருந்தபோது துரை. வெளியே வந்தபின் நியமன மன்றம். இரண்டிலும் நம்மவர் விண்ணப்பம் எழுதுகின்றனர், வாக்களிக்கவில்லை.

2021 டிசம்பர் 15 முதல் நம் நாட்டில் 18 வயது நிரம்பியோர் அனைவரும் வாக்காளர் பட்டியலில் தாமாகவே சேர்க்கப்படுகின்றனர். நாம் கற்பித்த பிள்ளைகள் பள்ளியை விட்டுச் சென்ற சில ஆண்டுகளில் பிரதமர் யார் என்பதைத் தீர்மானிக்கும் தகுதி பெறுகின்றனர். தம் தெருவின் விளக்கைப் பற்றித் தீர்மானிக்கும் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் தகுதி மட்டும் அவர்களுக்குக் கிடையாது. அவர்களுடைய பாட்டனார் காலத்தில் ஜார்ஜ் டவுன் மக்களுக்கு அத்தகுதி இருந்தது.

ஆசிரியர் செய்யத்தக்கது

அரசியல் மேடை ஆசிரியர்க்கு உரியதன்று. வரலாற்றை முழுவதுமாகச் சொல்வது ஆசிரியர்க்கு உரியது. உத்திரமேரூரைச் சொல்லும்போது அங்கே விலக்கப்பட்டவர் யார் என்பதையும் சொல்வோம். சுதந்திரத்தைச் சொல்லும்போது அதற்கு முன்னர் 1951-இல் தீவில் நடந்த தேர்தலையும் சொல்வோம். தமிழர் பெருமையைச் சொல்லும்போது, மாநகர மேயரான ஆசிரியர் இராமநாதனையும், தேர்தல் வேண்டும் என்று அறிக்கை எழுதிய நாகப்பனையும் சேர்த்துச் சொல்வோம். சோழன் கடாரம் வென்ற கதையைக் கேட்டு மகிழும் பிள்ளைகள், கடாரத்தின் தீவில் தம்மவர் வாக்கால் வென்ற கதையையும் கேட்கட்டும்.

பள்ளியிலேயே செய்யத்தக்க சிறு பயிற்சியும் உண்டு. மாணவர் தலைவரை ஆசிரியர் நியமிப்பதே பெரும்பான்மை வழக்கம். ஒரு வகுப்பிலேனும் மாணவரே சீட்டெழுதித் தேர்ந்தெடுக்கட்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவர் மாதம் ஒருமுறை வகுப்பின் முன் நின்று, நூலக மூலைக்குத் திரட்டிய காசு எவ்வளவு, வாங்கிய புத்தகம் எத்தனை என்று கணக்குச் சொல்லட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கணக்கறிக்கையை வாசித்ததாகக் கொள்வோம் என்று தள்ளிவிடாமல், வரிவரியாக வாசித்து ஐயம் கேட்கச் சொல்வோம். நேரம் சற்று மிகும், போகட்டும்.

ஊராட்சித் தேர்தல் இந்நாட்டில் மறுபடி வருமா, எப்போது வரும் என்பதை நாடாளுமன்றமும் மக்களும் முடிவு செய்வர். வரும் நாளில், கேட்கத் தெரிந்த வாக்காளரும் கணக்குக் காட்டத் தெரிந்த மன்றத்தாரும் நம் வகுப்பறைகளிலிருந்து போயிருக்க வேண்டும். அதற்கான பாடத்தைத் தொடங்க நாம் எவருடைய ஆணைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.